உச்சிவேளைப் பால்குடம்

தம்போய்
10 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிரவீனா வணக்கத்துடன் எழுதுவது. நானும் வீட்டுக்காரர் ஹேமநாதனும் இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடத்துக்கு வந்த புதுத் தலைமையாசிரியர் இன்னும் உன் கேன்டீன் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றில் குறை கண்டுபிடிக்கிறாரா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்று நீ ஸ்பீக்கரில் போடுவாய். நான் இங்கே ஹலோ என்றால், பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா அங்கிருந்து "சாப்ட்டியா பாப்பா?" என்று கேட்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் பெரியப்பா மகன் அதைக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார். கும்பிடும் கை படத்தோடு நாற்பது பேர் வந்து நிற்பார்கள். கடிதத்துக்கு அந்த வசதி இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடமாக மூட்டு வலி, காய்ச்சல், முடி கொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? பொங்கலுக்கு வந்தபோது என் முகத்தைப் பார்த்து, "என்னா பாப்பா இவ்ளோ மேக்கப்பு?" என்றாய். அது மேக்கப் இல்லை. மூக்கின் மேலேயும் இரண்டு கன்னத்திலும் சிவப்பாகப் படர்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்த்து, போன வாரம் பெயர் சொன்னார்கள். லூபஸ். நோயை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் சக்தி, ஆள் மாறி நம் மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் அடிக்குமாம். யாருக்கும் ஒட்டாது. முழுசாகக் குணமாகவும் ஆகாது. மாத்திரை போட்டு அடக்கி வைக்கலாம்.

பயப்படாதே என்று எழுத ஆசைதான். எனக்கே பயமாக இருக்கிறது அக்கா.

என்னென்ன செய்யக்கூடாது என்று டாக்டர் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், விரல் வலிக்கிறது. அம்மாவுக்கு இப்படி ஏதாவது இருந்ததா என்று கேட்டார். அம்மா போனபோது எனக்கு நாலு வயது, ஒன்றும் தெரியாது என்றேன். உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

உன் தங்கை,
பிரவீனா


ரெங்கம்
24 பிப்ரவரி 2024

என் பாப்பாவுக்கு,

அக்கா சாந்தினி ஆசியுடன் எழுதுவது. அப்பா நலம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உன் கடிதத்தைக் கேன்டீன் ஸ்டோரில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கு மீ கோரெங்கில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். தலைமையாசிரியருக்கு நல்ல வேட்டை.

அம்மாவைப் பற்றிக் கேட்டாய். முப்பத்தொரு வருடமாக நான் யாரிடமும் பேசாத பேச்சு. உனக்காக எழுதுகிறேன்.

அம்மாவுக்கும் இதேதான். காலையில் விரலை மடக்க முடியாது. தலைவாரினால் சீப்பு நிறைய முடி. முகத்தில் நீ சொல்கிற அதே இடத்தில் அதே சிவப்பு. எஸ்டேட் தோட்டத்தில் எல்லாரும், "சந்திரமதி மொகத்துல ஆத்தா வந்து உக்காந்துட்டா" என்றார்கள். அப்பா பால்குடம் நேர்ந்துகொண்டார். ஆடி வெள்ளியன்று ஸ்டேஷன் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் குடத்தை எடுத்து, தோட்டத்து மாரியம்மன் கோயில் வரைக்கும் இரண்டு கட்டை தூரம், ஒரு மணி நேரம், வெறுங்காலில் நடந்து, உச்சிப் பூஜைக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்குப் பதினாலு வயது. நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். கோயில் வளைவு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அம்மா விழுந்தாள். பால் முழுக்கத் தார் ரோட்டில் ஓடியது. அப்புறம் இரண்டு மாதம்தான். உடம்பெல்லாம் வீங்கி, குளுவாங் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். "கொடம் கோயிலுக்குப் போய்ச் சேரலம்மா, அதான்" என்று பூசாரி என்னிடம் சொன்னார்.

அந்த நேர்த்திக்கடன் இன்னும் நிற்கிறது பாப்பா. அதுதான் உன்னைத் தேடி வந்திருக்கிறது. உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே கோயிலுக்குப் போய், மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டேன். வருகிற ஆடி வெள்ளி, ஜூலை இருபத்தாறு, அம்மா பாதியில் விட்டதை நீ முடித்துக் கொடுப்பாய் என்று வேண்டிக்கொண்டேன். மாத்திரையும் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இது நடக்கட்டும், நீ எழுந்து ஓடுவாய்.

அம்மாவை விட்டுவிட்டேன். உன்னை விடமாட்டேன்.

அன்பு அக்கா,
சாந்தினி


(எழுதி, உறையில் போடாமல் வைத்தது)

தம்போய்
3 மார்ச் 2024

அக்கா,

டாக்டர் கொடுத்த தாளில் முதல் வரியே வெயில்தான். "வெயில் படக் கூடாது. பட்டால் தோலோடு நிற்காது. உள்ளே அடங்கியிருக்கும் நோய் கிளம்பி, சிறுநீரகம் வரைக்கும் போகலாம்." டாக்டர் அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். அதைத்தான் உனக்கு எழுதுவதாக இருந்தேன். அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது.

படித்து முடித்தபோது அம்மாவுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் உடம்பு ஏன் வீங்கியது என்றும்.

பால்குடம் எடுக்க முடியாது என்று சொன்னால் நீ ஏன் என்பாய். வெயில் என்பேன். நீ மக்கு இல்லை. அடுத்த நிமிடமே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ரோட்டில் போய் நிற்பாய், அப்புறம் அங்கிருந்து திரும்பி வரமாட்டாய். பதினாலு வயதில் படிப்பை விட்டுவிட்டு எனக்குத் தலைபின்னி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினவள் நீ. குடம் போய்ச் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருடம் வாழ்ந்துவிட்டாய். அதை விட மோசமான ஒன்றை உன் கையில் நான் எப்படிக் கொடுப்பேன்?

இதை அனுப்ப மாட்டேன்.


தம்போய்
16 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிரவீனா எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் தைலம் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இருந்தது இதுதானா என்று டாக்டரிடம் கேட்டேன். இத்தனை வருடத்துக்கு அப்புறம் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். தாளில் பெரிதாக ஒன்றும் இல்லை. உப்புக் குறைக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும், மாத்திரையை விடக் கூடாது. அவ்வளவுதான்.

ஒரு நல்ல சேதி. ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கும் வரிசையில் ஞானேஸ்வரி என்று ஓர் ஆன்ட்டியைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்து ஆட்கள், நில அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். என் கையிலிருந்த மருந்துப் பையை எட்டிப் பார்த்து, "பிள்ளை, உமக்கும் இந்தக் குளிசையோ?" என்றார். அவருக்கு இருபது வருடமாக லூபஸ். தம்போயிலேயே ஒரு டியூஷன் சென்டர் மாடியில் மாதக் கடைசிச் சனிக்கிழமை இந்த நோய்க்காரர்கள் ஒன்பது பேர் கூடுகிறார்கள். தமிழ், மலாய், சீனம் எல்லாரும் உண்டு. வேலை முடிந்து வர வசதியாக இருக்கட்டும் என்று சாயங்காலம் ஆறரை மணிக்கு வைத்திருக்கிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார். போகலாம் என்று இருக்கிறேன்.

நேர்த்திக்கடன் விஷயம், நீ சொன்னபடியே ஆகட்டும்.

உன்
பிரவீனா


ரெங்கம்
6 ஏப்ரல் 2024

பாப்பாவுக்கு அக்காவின் முத்தங்கள்.

அப்பாவுக்கு உன் நோயைச் சொல்லியாகிவிட்டது. ஸ்பீக்கர் இல்லாமலே ராஜம்மா அக்காவுக்கும் கேட்டுவிட்டது. அவர் மகள் வீட்டுப் பசுவின் பாலைத் தானே கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், பாக்கெட் பால் கூடாதாம்.

குடம் வாங்கிவிட்டேன். குளுவாங்கில் மூன்று கடை ஏறி இறங்கி, உன் இடுப்புக்கும் தலைக்கும் தோதாக ஒரு சின்னப் பித்தளைக் குடம். மஞ்சள் புடவை ஈச்சம்பழ நிறக் கரை போட்டது, உனக்குப் பிடிக்கும். காலையில் கொஞ்சம் வெறுங்காலில் நடந்து பழகு. ஃபேக்டரி ஏர்கானில் இருந்து இருந்து உன் கால் பாப்பா கால் ஆகியிருக்கும்.

அந்த ஒன்பது பேர் கூட்டம் எதற்கு? நோயாளிகள் எல்லாம் ஒரே அறையில் உட்கார்ந்து, "உனக்கு எங்க வலிக்குது, எனக்கு எங்க வலிக்குது" என்று பேசினால் இருக்கிற நோயும் பெருகாதா? போவதென்றால் போ. ஆனால் நம் வீட்டுக் கதையை அந்நிய ஆட்களிடம் கொட்டாதே. அம்மா கதையை முக்கியமாக.

நேரத்துக்குச் சாப்பிடு.

சாந்தினி


தம்போய்
18 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதம். இந்த மாதம் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள், முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. ஹேமநாதன் சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன் கிளம்பும்போது என்னைப் பார்த்து, "யாரும்மா நீங்க?" என்று கேட்கிறார். சிரித்தேன். அப்புறம் குளியலறையில் அழுதேன். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

கூட்டத்துக்கு இரண்டு தடவை போய்விட்டேன். நீ நினைக்கிற மாதிரி இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, இந்த மாதம் எதை விட வேண்டி வந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். காக் ரொஸ்னா என்று ஒரு மலாய்க்கார அக்கா, நோன்புச் சந்தையில் கடை போட முடியவில்லை என்றார். மெய் லிங் தன் மகளைத் தூக்க முடியவில்லை என்றாள். யாரும் "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லவில்லை. "ஆமாம், எனக்கும்" என்றார்கள். அதற்கே எனக்கு அரை வலி குறைந்த மாதிரி இருந்தது. என் முறை வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ கொட்டாதே என்றாயே.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பால்குடத்தைச் சாயங்காலப் பூஜைக்கு எடுக்கலாமா? இல்லையென்றால் எனக்குப் பதிலாக நீ எடுத்து, நான் கோயிலில் வந்து வாங்கிக்கொள்ளலாமா? சில ஊர்களில் கூடப் பிறந்தவர்கள் எடுக்கிறார்களாம்.

உன் பதிலை எதிர்பார்த்து,
பிரவீனா


ரெங்கம்
2 ஜூன் 2024

பிரவீனாவுக்கு,

அப்பா சுகம். நானும் சுகம்.

முடியாது. நேரத்தை மாற்றுவது, ஆளை மாற்றுவது எல்லாம் ஆத்தாவிடம் வைத்துக்கொள்கிற பேச்சு இல்லை. உன் பெயரைச் சொல்லி முடிந்தேன். உச்சிவேளை என்று சொல்லி முடிந்தேன். அம்மா எந்த நேரத்தில் விழுந்தாளோ அந்த நேரத்தில்தான் அது போய்ச் சேர வேண்டும். முப்பத்தொரு வருடமாக ஒவ்வோர் ஆடி வெள்ளியும் நான் அந்த ரோட்டுப் பக்கம் போவதே இல்லை, உனக்குத் தெரியுமா? கேன்டீனுக்குள் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். இந்த வருடம் உன் பின்னாலேயே நடக்கப் போகிறேன். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஏன் இப்படிக் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். வந்து சேர்.

சாந்தினி


தம்போய்
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். வியாழக்கிழமை ராத்திரிக்குள் வந்துவிடுகிறேன். ஹேமநாதனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. விரதம் இருக்கிறேன். நீ பின்னால் வருவாய் என்பது தைரியமாக இருக்கிறது.

பிரவீனா


ரெங்கம்
30 ஜூலை 2024

என் கண்ணே பாப்பா,

வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? ஹேமநாதன் நலமா? எனக்கு நான்கு நாளாகத் தூக்கம் தூக்கமாக வருகிறது. இப்படித் தூங்கிப் பல வருடமாகிவிட்டது. அப்பா என்னை எழுப்பாமல் தானே தேத்தண்ணி கலக்கிக் குடித்தாராம்.

நீ வந்து இறங்கிய கோலத்தை ராஜம்மா அக்கா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். நீளக் கை ரவிக்கை, கையுறை, முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக ஒரு கிரீம். "ஃபேக்டரியில பழகிப்போச்சு அக்கா" என்றாய். ஆத்தா முன்னால் அப்படிப் போகக் கூடாது என்று நான்தான் கையுறையைக் கழற்றினேன். உன் முகத்தை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு மஞ்சள் பூசினேன். நீ சின்னப் பிள்ளையில் பவுடர் போட முகத்தைக் காட்டுவாயே, அதே மாதிரி காட்டினாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்ன வெயில் அன்றைக்கு! தார் உருகிக் காலில் ஒட்டியது. அம்மா விழுந்த இடம் வந்தபோது என் கால் நின்றுவிட்டது. நீ நிற்கவில்லை. திரும்பிப் பார்த்து, "வா அக்கா" என்றாய். ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய் இறக்கினாய். உன் முகம் அப்படிச் சிவந்திருந்தது. ஆத்தா வந்துவிட்டாள் என்று எல்லாரும் கும்பிட்டார்கள். நானும் உன் காலில் விழுந்தேன்.

இனி உனக்கு ஒன்றும் ஆகாது. அம்மாவும் நிம்மதியாக இருப்பாள். நானும்தான்.

உடனே பதில் போடு.

சாந்தினி


தம்போய்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிரவீனா எழுதுவது. உடம்பு பரவாயில்லை. அப்பாவிடம் ஏழு முறை போனில் பேசினேன். நீ கேன்டீனில் இருப்பதாக ஏழு முறையும் சொன்னார். ஏழாவது முறை மணி இரவு எட்டு.

ஆகஸ்டு பதினொன்றாம் தேதி என் கால் வீங்கியது. மறுநாள் முகம். அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள். நீ ஓடி வந்தபோது எனக்குப் பாதி நினைவுதான். ஆனால் நடந்தது முழுவதும் காதில் விழுந்தது. கட்டிலின் ஒரு பக்கம் நீ விபூதிப் பொட்டலத்தோடு, இன்னொரு பக்கம் ஞானேஸ்வரி ஆன்ட்டி கஞ்சியோடு. அவர் உன்னை யார் என்று தெரியாமலே, "ஆர் இந்தப் பிள்ளையை வெயிலுக்குள்ள நடக்க விட்டது? இந்த வருத்தத்துக்கு வெயில்தானே முதல் எதிரி. நேரே கிட்னியில கொண்டுபோய் விடும்" என்றார். காக் ரொஸ்னா "அலமாக், மெல்லப் பேசுங்க" என்றார். நீ கையிலிருந்த விபூதியை மேசைமேல் வைத்தாய். வெளியே போனவள் திரும்பி வரவில்லை.

ஆன்ட்டி மேல் எனக்கு அவ்வளவு கோபம். ஒரு வாரம் அவருடைய கஞ்சியைக் குடிக்கவில்லை. அவர் தினமும் கொண்டுவந்து வைத்தார், தினமும் எடுத்துப்போனார். எட்டாவது நாள், "நான் சொல்லாட்டி நீர் எப்ப சொல்லியிருப்பீர்?" என்று கேட்டார். கிண்ணத்தை வாங்கினேன். குடித்தேன். கூட்டத்திலிருந்து முறை வைத்துக்கொண்டு மாறி மாறி வந்தார்கள் அக்கா, மூன்று வாரமும். ஹேமநாதனிடம் நான் ஊர்வலம் சாயங்காலம் என்று சொல்லியிருந்தேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர்கள் இல்லையென்றால் அந்த மூன்று வாரம் நான் சுவரோடுதான் பேசியிருப்பேன்.

நான் எழுதி அனுப்பாமல் வைத்த ஒரு கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மார்ச் மூன்றாம் தேதி எழுதியது. படி. திட்டு. எது வேண்டுமானாலும் எழுது. தீபாவளி வருகிறது, உன் குரலைக் கேட்காமல் நான் என்ன தீபாவளி கொண்டாட?

உன்
பாப்பா


ரெங்கம்
12 நவம்பர் 2024

பாப்பாவுக்கு,

அப்பா நலமாக இருக்கிறார். உன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதும் நாள் வரும் என்று நான் நினைக்கவில்லை. எப்படி இருக்கிறது?

தீபாவளிக்கு முறுக்குச் சுடவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. உன் கடிதங்கள் இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். உன்மேல் கோபம் இல்லை. இல்லை, கோபம் இருக்கிறது. எனக்காகத் தெரிந்தே அந்த வெயிலில் நடந்தாய் அல்லவா, அந்தக் கோபம். நீ சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுதால் செத்தா போவேன்? உன் முகத்தைத் துடைத்தேனே பாப்பா. அந்தக் கிரீம் சீக்கிரம் போகவில்லை என்று அழுத்தி அழுத்தித் துடைத்தேன். ஒரு வார்த்தை "வேணாம் அக்கா" என்று சொல்லக் கூடாதா?

நீ மட்டும் மறைக்கவில்லை. நானும் மறைத்தேன். பிப்ரவரிக் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதினேன், ஒன்றை எழுதவில்லை.

அம்மா ரப்பர் பால்மரம் வெட்டிய வரைக்கும் மரநிழலில் வேலை. மரங்களை அழித்து எண்ணெய்க்குச் செம்பனைக் கன்று நட்டபோது அவளைக் களை வெட்ட மாற்றினார்கள். மொட்டை வெயில். அப்புறம்தான் அந்தச் சிவப்பு வந்தது. வேலைக்குப் போகாத நாளில் குறையும், போன நாளில் கூடும். சின்னப் பெண்ணானாலும் நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஆடி வெள்ளியன்று பாதி வழியில் அம்மா என்னிடம், "சாந்தி, வெயிலு தாங்கல. செத்த நேரம் அந்த மரத்தடியில உக்காந்துட்டுப் போலாம்மா" என்றாள். நான், "பூஜ முடிஞ்சிரும், வாம்மா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். இழுத்தேன் பாப்பா. கூட்டிப்போனேன் என்று உனக்கு எழுதினேன்.

மே மாதம் நீ சாயங்காலம் எடுக்கலாமா என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை. குடம் போய்ச் சேராததுதான் காரணம் என்று இருந்தால், அது ஆத்தா கணக்கு. வெயில்தான் என்றால், அது என் கை.

இதை அப்பாவிடம் சொல்ல முடியாது. அவர் நேர்ந்தது அது. ராஜம்மா அக்காவிடம் சொன்னால் "விதி" என்பார். எனக்கு விதி என்று கேட்க வேண்டாம். நீ எழுதியிருந்தாயே, அங்கே யாரும் சரியாகிவிடும் என்று சொல்வதில்லை என்று. எனக்கு அந்த நோய் இல்லை. நோய்க்காரியை வெயிலில் இழுத்தவள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அப்படிப்பட்டவளுக்கும் உங்கள் கூட்டத்தில் ஒரு நாற்காலி போடுவார்களா என்று கேட்டு எழுது.

சாந்தினி


தம்போய்
18 நவம்பர் 2024

என் அக்காவுக்கு,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது, இன்றைக்கே எழுதுகிறேன். சிறுநீரகம் நன்றாக இல்லை. மாதம் ஒருமுறை ஊசிவழி மருந்து ஏற்றுகிறார்கள். ஆறு மாதம் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் எதுவும் சொல்வார்களாம். ஹேமநாதன் நேற்று, "ரசத்துல உப்பில்ல" என்றார். மூன்று மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அது.

ஞானேஸ்வரி ஆன்ட்டியிடம் கேட்டேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை, அக்கா வர விரும்புகிறாள் என்று மட்டும் சொன்னேன். அவர், "என்னைக் காப்பாற்றினதும் என்ர அக்காதான், கொல்லப் பார்த்ததும் அவதான். வரச் சொல்லும்" என்றார்.

அம்மாவுக்கு நடந்ததை என் டாக்டரிடம் போன வாரம் தெரிந்தவரைக்கும் சொன்னேன், நீ எழுதாத பகுதி எனக்கு அப்போது தெரியாது. வெயிலால்தானா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அந்தக் காலத்தில் நிழலிலேயே வைத்திருந்தாலும் மருந்து இல்லாமல் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார். மார்ச்சில் அவர் சொன்னதாக உனக்கு எழுதினேனே, அப்போது நான் கேட்கவே இல்லை. அது நானாக எழுதிய பொய். இப்போது கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

உன்னால் இல்லை என்று இந்த இடத்தில் எழுதிவிடலாம் என்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதினால் நீ இன்றைக்குத் தூங்குவாய். ஆனால் உன்னைத் தூங்கவைக்க நான் எழுதிய பொய்களெல்லாம் எங்கே கொண்டுபோய் விட்டன என்று பார்த்துவிட்டோம். தெரியாது அக்கா. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அம்மா மரத்தடியில் உட்காரலாமா என்று கேட்டதை நீ அங்கே வந்து சொல்லு. நான் உன் பக்கத்தில் இருப்பேன்.

முப்பதாம் தேதி, சனிக்கிழமை. குளுவாங்கில் மதியப் பேருந்து பிடித்தால் நாலரைக்கு லார்க்கின் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடும். ஹேமநாதன் வந்து நிற்பார். நான் வர மாட்டேன் அக்கா, அந்த நேரம் வெயில் இருக்கும்.

உன்
பாப்பா